தட்டில் வைப்பது அமானத்



தண்டின் இரு முனைகளிலும் சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் தொங்கவிட்டு, தோளில் சுமந்து சென்று பினாங்குத் துறைமுகத் தொழிலாளர்களின் பசி தீர்த்தவர்கள் நம் முன்னோர். தோள்தண்டில் சுமப்பதைக் குறிக்கும் ‘கண்டார்’ என்னும் மலாய்ச் சொல்லே நாசி கண்டாருக்குப் பெயராயிற்று. அந்தச் சுமையில் உணவைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. இன்றோ நம் சமையற்கட்டுகளில் எண்ணெய்க்கும் வினிகருக்கும் ரோஜா சர்பத்துக்கும் பக்கத்திலேயே பிளீச், கழிவறை அமிலம், காஸ்டிக் சோடா, எலி மருந்து எல்லாம் குடியேறிவிட்டன. துப்புரவுக்கு இவற்றில் பல தேவைதாம். சுத்தத்தை ஈமானோடு இணைத்துச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன, எந்தப் பாத்திரத்தில் இருக்கின்றன என்பதே நம் கேள்வி.

ஹலால் என்றவுடன் அறுப்பை மட்டும் எண்ணி நின்றுவிடுகிறோம். திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 168ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா, ஹலால் என்பதோடு தய்யிப் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். தய்யிப் என்றால் தூயது, உண்பவருக்கு நலம் தருவது. அவ்வசனம் விளிப்பதும் முஸ்லிம்களை மட்டுமன்று, மனித குலம் முழுவதையும். கெப்பாலா பத்தாஸில் நம் கடை மேசைகளில் மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்கிறார்களே, அவர்கள் அனைவருடைய உயிரும் நம்மிடம் அமானத்தன்றோ?

ஒரு வணிகரின் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்த செய்தியை நாம் அறிவோம். இன்று அந்தக் கை நம் சமையற்கட்டின் அலமாரிக்குள் நுழைந்தால் என்ன அகப்படும்? நம் வட்டாரத்துக் கடையொன்றில் நாமே கண்டோம். தண்ணீர்ப் போத்தல்கள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் வினிகர், மற்றொன்றில் பிளீச். பெயர்ச்சீட்டு இரண்டிலும் இல்லை. “எதில் எது என்று எனக்குத் தெரியும்” என்றார் முதலாளி. அவர் ஊருக்குப் போயிருக்கும் நாளில் யாருக்குத் தெரியும்?

இது வீண் அச்சமன்று. 2013 ஜூலை 16ஆம் நாள், பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்துக் கந்தாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது. பூச்சிமருந்து இருந்த கலத்திலேயே எண்ணெயை வைத்திருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்தவர் எடுத்துச் சொல்லியும் கேட்பாரில்லை என்று செய்திகள் வந்தன. 1958இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்ததும் இத்தகைய கவனக்குறைவால்தான். கப்பலில் மாவு மூட்டைகளோடு ஏற்றிய பாரத்தியான் மருந்து ஒழுகி மாவில் கலந்துவிட்டது. சரக்கேற்றும் வணிகர்களாகிய நாம் இதை மறக்கலாகாது.

ஆகவே சகோதரர்களே, மருந்துகளையும் அமிலங்களையும் உணவுப் பொருள்களுக்கு எட்டாத தனி அறையிலோ பூட்டிய பெட்டியிலோ வையுங்கள். வந்த போத்தலிலிருந்து குடிநீர்ப் போத்தலுக்கு மாற்றவே மாற்றாதீர்கள். காலியான மருந்துக் கலத்தை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு எடுக்காதீர்கள். பிளீச்சோடு அமிலத்தைக் கலந்தால் குளோரின் வாயு எழுந்து மூச்சை அடைக்கும். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவரேனும் இவற்றை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மருத்துவர்களுக்கு வழிகாட்டும் தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம் அசுத்தமான கடையை 14 நாள் வரை மூடவைக்க இடமளிக்கிறது. 14 நாள் வருமானம் போனால் திரும்பி வரும். ஓர் உயிர் போனால் எந்தச் சட்டம் திருப்பித் தரும்? மறுமையில் நம்மிடம் கேட்கப்படும் கணக்கில், சுவரில் மாட்டிய சான்றிதழைக் காட்டித் தப்ப முடியுமா?

இன்னொன்று. நம் சிப்பந்திகள் பலர் தமிழோ மலாயோ படிக்க அறியாதவர்கள். போத்தலில் எழுதியிருப்பது அவர்களுக்குப் புரியாது. அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுப்பதும், நிறத்தாலோ படத்தாலோ அடையாளமிடுவதும் முதலாளியின் கடமை. “இந்த எண்ணெயில் ஏதோ வாடை வருகிறது, முதலாளி” என்று ஒரு பையன் சொன்னால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அவன் வாயை அடைப்பது, அந்தச் சோற்றை உண்ணப்போகும் அத்தனை பேரின் உயிரோடு விளையாடுவதாகும்.

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவோம். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு போத்தலையும் கையில் எடுத்துப் பார்ப்போம். பெயர் தெரியாததை அப்புறப்படுத்திவிட்டுப் பள்ளிக்குச் செல்வோம். நம் உழைப்பில் பரக்கத்தையும், நம் கடையில் உண்பவர் யாவருக்கும் நலத்தையும் வல்ல நாயன் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.