காசு கட்டிய பிறகும் கைகூப்ப வேண்டுமா?

2005இல் ஜப்பானிய வானொலி நிகழ்ச்சி ஒன்றில் நேயர் கடிதம் ஒன்று வாசிக்கப்பட்டது. பள்ளியில் போடும் மதிய உணவுக்குத்தான் பணம் கட்டுகிறோமே, அப்புறம் என் பிள்ளையை ஏன் ‘இததாகிமாஸ்’ சொல்ல வைக்கிறீர்கள் என்று ஒரு தாய் பள்ளியில் கேட்டாராம். சாப்பிடுமுன் கைகூப்பி, ‘பணிந்து பெற்றுக்கொள்கிறேன்’ என்ற பொருளில் ஜப்பானியர் சொல்லும் சொல் அது. நிகழ்ச்சியை நடத்தியவர் ரோகுசுகே எய். ‘சுகியாகி’ என்ற பெயரில் உலகைச் சுற்றிவந்த பாட்டை எழுதியவர் இவர்தான். கடிதம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அந்தத் தாயைக் கண்டித்தவர்களே அதிகம்.

அவர் கேட்டது அசட்டுக் கேள்வி அல்ல. விலை கொடுத்து வாங்கிய சோற்றுக்கு நன்றிக்கடன் எப்படி மிஞ்சும்? மிஞ்சினால், அது யாருக்கு?

அதே 2005இல்தான் ஜப்பான் உணவுக் கல்விக்கென ‘ஷொகுஇகு’ அடிப்படைச் சட்டத்தை இயற்றியது. நம் சாப்பாடு இயற்கையின் கொடையாலும் பலரது உழைப்பாலும் வருகிறது என்ற நன்றியுணர்வை வளர்க்க வேண்டும் என்கிறது அச்சட்டம். நாட்டின் அரசியலமைப்போ, அரசு மதக்கல்வி தரக்கூடாது என்று 20ஆம் பிரிவில் தடுக்கிறது. நன்றி மத உணர்வா, மனித உணர்வா? சட்டம் போட்டு அதை வரவழைக்க முடியுமா?

ஜப்பானின் பள்ளி உணவு தொடங்கியதே ஒரு கோயிலில்தான். 1889இல் யமகதா மாகாணத்தின் த்ஸுருஒகா ஊரில், ஒரு புத்த கோயில் வளாகத்தில் நடந்த பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தார்கள். துறவிகள் வீடுவீடாகப் பிச்சை எடுத்துவந்து, சோற்று உருண்டையும் சுட்ட மீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். மணிமேகலையின் அமுதசுரபியை அறிந்த தமிழருக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

ஜப்பானிய புத்த மரபில் சோற்றைப் பற்றிய சிந்தனை இன்னும் பழையது. ஸென் குரு தோகென் 1237இல் மடத்துச் சமையற்காரருக்கென்றே ஒரு நூல் எழுதினார். உண்ணும் முன் நினைக்க வேண்டிய ஐந்து செய்திகளையும் சீன மரபிலிருந்து எடுத்துத் தன் மடத்தில் நிலைநிறுத்தினார். அவற்றில் முதலாவது நன்றி சொல்லச் சொல்வதில்லை. இந்த உணவு எங்கிருந்து வந்தது, இதற்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு என்று எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. விசாரணைதான் முதலில், உணர்ச்சி வந்தால் வரட்டும். அரசுப் பள்ளி தயங்காமல் கற்றுத்தரக்கூடியது இந்த விசாரணையைத்தான். அதற்கு வயல் வேண்டும்.

சிபா மாகாணத்தின் இசுமி நகரில் 2013இல் மூன்று விவசாயிகள் ரசாயனம் இல்லாமல் நெல் போட்டுப் பார்த்தார்கள். களை மண்டியது. பிறகு தொச்சிகி மாகாணத்திலிருந்து ஒரு வல்லுநர் வந்து, களை வராமலிருக்க எப்படி நீர் கட்டுவது, எப்போது உழுவது என்று சொல்லிக்கொடுத்தார். 2015இல் நான்கு டன் அரிசி பள்ளிகளுக்குப் போனது. 2017இல் 42 டன். நகரப் பள்ளிகளின் மதியச் சோறு முழுவதும் உள்ளூர் இயற்கை அரிசியாயிற்று. விலை வித்தியாசத்தை நகராட்சி ஏற்றது. பள்ளி வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இல்லாவிட்டால் எந்த விவசாயி துணிவார்? பிள்ளைகள் நாற்று நடுகிறார்கள், வயலில் உள்ள பூச்சியையும் தவளையையும் கணக்கெடுக்கிறார்கள். காசு கட்டினோமே என்ற வாதம் இங்கே தடுமாறுகிறது. அரிசிக்கு விலை உண்டு; தவளைக்கு யார் ரசீது போட்டார்கள்?

நெல்லோடு நின்றுவிட்டால் இந்தக் கல்வி இதமானது. ஒசாகா மாகாணத்தின் கிராமப் பள்ளி ஒன்றில் 1990இல் ஆசிரியர் யசுஃபுமி குரோதா அதை அப்படி இதமாக விட்டுவைக்கவில்லை. வளர்த்துச் சாப்பிடுவோம் என்று சொல்லி, நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு பன்றிக்குட்டியைக் கொடுத்தார். 32 பிள்ளைகளும் அதற்குப் ‘பி-சான்’ என்று பெயர் வைத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. பெயர் வைத்ததை எப்படிச் சாப்பிடுவது? கொட்டில் கட்டி, மிச்சச் சோறு போட்டு, சாணி அள்ளி, ஆறாம் வகுப்பு முடியும்வரை வளர்த்தார்கள். பள்ளியை விட்டுப் போகும் நேரத்தில் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. கீழ் வகுப்பிடம் ஒப்படைத்துவிடலாம் என்றது ஒரு கட்சி. தொடங்கியதை நாமே முடிக்க வேண்டும் என்றது மற்றொன்று. கடைசியில் ஆசிரியர் முடிவெடுத்தார். பி-சான் இறைச்சிக்கூடத்துக்குப் போனது. பிள்ளைகள் அதைச் சாப்பிடவில்லை.

செய்தி தொலைக்காட்சியில் வந்தபோது, இது கல்வியா கொடுமையா என்று ஆசிரியரைச் சாடினார்கள். சாடியவர்களில் எத்தனை பேர் வீட்டு இரவு உணவில் பன்றிக்கறி இருந்ததோ! பிள்ளைகளை அழவைத்ததற்கு ஆசிரியர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் தோகென் சொன்ன விசாரணையைப் பாதியில் நிறுத்தாதவர் அவர். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், சில தட்டுகளுக்கு விடை இறைச்சிக்கூடம்தான். கைகூப்பிச் சொல்லும் ஒரு சொல் அந்த விடையை லேசாக்குகிறதா, மறைக்கிறதா என்பதில் புத்த துறவிகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இருந்ததில்லை. புலால் விலக்கிய மடங்களும் அதே ஐந்து சிந்தனைகளைத்தான் சொல்லிவந்தன.

2008இல் இந்தக் கதை திரைப்படமானது. நடித்த சிறுவர்களிடம் தந்த திரைக்கதையில் விவாதக் காட்சிக்கான வசனம் இல்லை. அவர்களாகவே வாதாட வேண்டியிருந்தது. படத்தில் வாக்கு சரிபாதியாக விழுகிறது.