எலும்பும் அநித்தியமும்

தோன்றியவை யாவும் அழியும் என்று உணர்ந்த பௌத்தர், தம் எலும்பு எவ்வளவு விரைவாகத் தேய்கின்றது என்று குருதி எடுத்து அளந்து பார்த்தல் தகுமா? தில்லி போன்ற மாநகரங்களில் இச்சோதனை எளிதாகக் கிடைக்கும் இந்நாளில், இவ்வினா எழுதல் இயல்பே. உடலைப் பேணுதல் பற்று ஆகாதோ எனச் சிலர் ஐயுறுவர்.

முதற்கண் சோதனையின் தன்மையை அறிவோம். எலும்பு கல்லன்று. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், புதியதைக் கட்டும் உயிரணுக்களும் வாழ்நாள் முழுதும் அதனுள் தொழில் புரிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்டிரிடத்தில் கட்டுதலினும் கரைத்தல் மிகுகின்றது. கரையும்போது கொலாஜன் என்னும் புரதத்தின் துணுக்குகள் குருதியிற் கலக்கின்றன. அவற்றுள் ஒன்று சிடிஎக்ஸ் எனப்படும். கட்டப்படுங்கால் வெளிப்படுவது பி1என்பி. உணவு உண்டபின் சிடிஎக்ஸ் குறையுமாதலின், காலையில் வெறும் வயிற்றில் குருதி எடுத்தல் வேண்டும். எலும்புத் தேய்வு நோய் உண்டென இச்சோதனை மட்டும் உறுதி செய்யாது. அதற்கு எலும்பின் அடர்த்தியைக் கதிரால் அளக்க வேண்டும். ஆயினும், உட்கொள்ளும் மருந்து வேலை செய்கின்றதா என்பதை இது சில திங்களிலேயே காட்டும். அடர்த்தியின் மாற்றம் தெரிய ஓராண்டுக்கு மேலும் ஆகும்.

இனி அறநெறிக்கு வருவோம். சதிபட்டான சுத்தம் குரு நாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் அருளப்பட்டது. அக்குரு நாடு இன்றைய தில்லியைச் சூழ்ந்த நிலமேயாகும். தோல், தசை, நரம்பு, எலும்பு, எலும்பின் மச்சை என உடலை ஒவ்வொன்றாக நோக்கும்படி பகவர் அங்குப் பணித்தார். உள்ளதை உள்ளவாறு காண்பது பற்றன்று. புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுகின்றவன் அப்புண்ணை விரும்புகின்றவன் அல்லன் என்று நாகசேனர் மிலிந்த மன்னனுக்கு விளக்கியதும் இக்கருத்தேயாம்.

“தேய்வது முன்வினைப் பயன், மருந்து எதற்கு?” என்பாரும் உளர். பித்தம், கபம், வாதம், பருவ மாறுதல் முதலியவற்றாலும் துன்பம் தோன்றும், அனைத்தும் பழவினை என்பது தவறு என்று மோலியசீவகருக்குப் பகவரே கூறியுள்ளார். எனவே காரணத்தைத் தேடுதல் நம் கடமை. தில்லியில் நலமாயிருந்தோரிடத்திலும் வைட்டமின் டி குறைந்திருந்ததை, அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் ரவீந்தர் கோஸ்வாமி முதலானோர் 2000இல் வெளியிட்டனர். புகை மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளிடத்தில், புகை குறைந்த குர்கான் குழந்தைகளினும் அச்சத்து மிகக் குறைந்திருந்ததை 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிற்று. அச்சத்து வெயிலால் தோலில் உண்டாவது. உணவிலுள்ள சுண்ணச்சத்தை உடல் ஏற்க அது இன்றியமையாதது. அநித்தியம் எவரும் செய்ததன்று. வெயிலை மறைக்கும் புகையோ மனிதர் செய்தது. அதனையும் அநித்தியம் என்று சொல்லி அமைதல் அறமாகாது.

ஈண்டு இரு கோடிகள் உள. அச்சத்தால் உந்தப்பட்டு, தேவையின்றி மீண்டும் மீண்டும் குருதி அளப்பது ஒன்று. அளவைக் கண்டு மகிழ்வதும் கலங்குவதும் பற்றேயாம். “முதுமைதானே” என்று கூறி, கூன் விழுந்த தாயை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாதிருப்பது மற்றொன்று. பின்னதே கொடிது. ஒருநாள் அவள் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறியுமாயின், படுக்கையிற் கிடந்து துன்புறுபவள் அவளேயன்றோ?

அநித்தியம் என்னும் உண்மை நம் பற்றுக்கு நாமே இடவேண்டிய மருந்து. பிறர் வலிக்கு நாம் கூறும் விடையன்று. வயிற்றுநோயால் கேட்பாரற்றுக் கிடந்த பிக்குவைப் பகவர் ஆனந்தருடன் சேர்ந்து தம் கையாலேயே நீராட்டினார். நிலையாமையைச் சொல்லி விலகிச் செல்லவில்லை. ஆதலின், மருத்துவர் வேண்டுமென்று கூறும்போது சோதனையைச் செய்வோம்; வந்த அளவை அமைதியுடன் ஏற்போம்; இல்லத்து முதியோரை இளவெயிலில் கைபிடித்து நடத்துவோம். அதுவே நடுவழி.