அணையாத அடுப்பு

அப்பாவின் அஸ்தியைப் பவானி கூடுதுறையில் கரைத்துவிட்டுப் படியேறி வந்தேன். ஈர வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. வெளியே சன்மார்க்க அன்பர்கள் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர், யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. "சூடா இருக்குதுங்க, பாத்துக் குடிங்க" என்றார். டம்ளரின் சூடு உள்ளங்கையில் ஏறியபோதுதான் எனக்கு அழுகையே வந்தது.

சாதி, சமய வேறுபாட்டை விலக்கி, உயிர்களிடம் காட்டும் இரக்கமே வழிபாடு என்று சொன்னவர் வள்ளலார். 1865-இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867-இல் வடலூர் தருமச்சாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. 1874-இல் அவர் மறைந்தார். இரண்டே ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. கொங்கு நாடும் தப்பவில்லை. அதன் பிறகும் அடுப்பு அணையவில்லை. கோட்டைகளே மண்மேடாகிப் போன நாட்டில் ஓர் அடுப்பு 150 ஆண்டுகளைத் தாண்டி எரிகிறதென்றால், தினமும் யாரோ எழுந்து விறகைத் தள்ளியிருக்கிறார்கள். பேர் தெரியாத அந்தக் கைகளைத்தான் நான் கும்பிடுகிறேன்.

இந்த வருஷம் அப்பாவின் திதிக்கு ஒரு சிப்பம் அரிசியோடு கூடுதுறைக்குப் போனேன். அதே பெரியவர் கரண்டியை என்னிடம் நீட்டினார். அப்பா குழித்தறியில் கடைசியாக நெய்த ஜமக்காளத்தை, சாப்பிட வந்தவர்கள் உட்கார விரித்துப் போட்டேன்.