வாளிக்கு என்ன பெயர்?

1983 ஜூலை 24 இரவு பொரளையில் மூண்ட வன்முறை, மறுநாள் கொழும்பெங்கும் தமிழர் வீடுகளைத் தேடிப் போனது. வீதியில் வாகனங்களை மறித்த காடையர், சந்தேகப்பட்டவரை ஒரு சொல்லைச் சொல்ல வைத்தார்கள் என்பது தப்பியவர்கள் பலரும் சொல்வது. ‘பால்திய’. சிங்களத்தில் வாளி. அதன் முதல் ஒலி தமிழ் நாவில் இலகுவில் வராது. ‘வால்திய’ என்று வழுக்கிவிடும். இங்கே எழுதிக் காட்டவும் நம் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை. விந்தை என்னவென்றால், அந்தச் சொல்லே சிங்களத்துக்குப் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது.

சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த கொழும்புத் தமிழன் அதைப் பிசகாமல் சொல்லித் தப்பலாம். உத்தியோகத்துக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் அகப்படுவான். அப்படித் தப்பியவன் மொழியை மறுதலித்தவனா? பின்னாளில் பஸ்ஸில், தமிழ் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று பிள்ளையின் வாயைப் பொத்திய தாயிடமும் இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் உண்டு. ‘அம்மா’ இரு மொழிக்கும் பொது; ‘அப்பா’ என்று கூப்பிட்டால்தான் காட்டிக்கொடுக்கும். அந்தத் தாயிடம் மொழிப்பற்றுக்குக் கணக்குக் கேட்பது அநியாயம். உயிரைப் பணயம் வைத்துத்தான் தமிழ் பேச வேண்டும் என்று எந்த அறமும் கட்டளையிட முடியாது.

வலியையும் இன்பத்தையும் காட்டும் குரல் விலங்குக்கும் உண்டு, நீதி அநீதி பேசும் மொழி மனிதனுக்கே உரியது என்றார் அரிஸ்டோட்டில். அன்று வீதியில் நின்றவர்கள் அந்த மொழியை உரித்தெறிந்து ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவன் என்ன சொல்லிக் கெஞ்சினான் என்பது அவர்கள் காதில் ஏறவில்லை. எப்படி உச்சரித்தான் என்பது ஏறியது. “இங்கே தமிழர் இல்லை” என்று வாசலில் நின்று பொய் சொன்ன சிங்கள அயலவர்களும் அதே ஊரில்தான் இருந்தார்கள். குற்றமற்ற நன்மை தரும் பொய்க்கு வாய்மையின் இடத்தைத் தந்த வள்ளுவர் அவர்களைக் கைவிட மாட்டார்.

கேட்கும் செவியின் கடமை கலவர நாளோடு முடிவதில்லை. தமிழில் சொன்ன முறைப்பாடு சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசிக்கத் தெரியாதவரிடமே ஒப்பத்துக்கு நீட்டப்படும்போது அங்கும் மொழி ஒலியாகச் சுருங்குகிறது. இலங்கை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள மேல் மாகாணத்திலும் அதிகாரிகளுடன் தமிழில் தொடர்பாட உரிமை தருகிறது. விளங்காத தாளில் ஒப்பமிடாதீர்கள், தமிழில் கேளுங்கள்.