டியூப் லைட்டில் எழுதிய பெயர்

கோயில் பிராகாரத்து டியூப் லைட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் ஒரு பழைய கேலி உண்டு. விளக்கை வாங்கிக் கொடுத்தவர் தன் பெயர், தகப்பனார் பெயர், கடையின் பெயர், ஊரின் பெயர் எல்லாவற்றையும் 'உபயம்' என்று சேர்த்துக் கண்ணாடியிலேயே எழுதிவிடுவார். எழுத்து போக மிஞ்சிய இடத்தில்தான் வெளிச்சம் வரும். இந்த வழக்கம் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்து பல காலம் ஆயிற்று. பீரோவின் கதவில், குடிதண்ணீர்த் தொட்டியின் வயிற்றில், மின்விசிறியின் இறக்கையில் ஒரு பெயர் இருக்கும். விசிறி சுற்றும்போது அதைப் படிக்க முடியாது. கரண்ட் போனால்தான் வள்ளல் யாரென்று தெரியும்.

பெயர் எழுதிக்கொள்வதில் பெரிய குற்றமில்லைதான். ஆனால் அந்த எழுத்துக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளையை நினைத்தால் ஒரு கேள்வி எழுகிறது. மதியச் சோறு, சீருடை, பாடநூல், பஸ் பாஸ், பதினொன்றாம் வகுப்பில் மிதிவண்டி என்று அரசுப் பள்ளி ஒரு பிள்ளைக்குத் தருகிறதே, அது தானமா, கடமையா? வாங்கும் பிள்ளை தலை குனிய வேண்டுமா, நிமிர்ந்தே வாங்கலாமா? கல்வித் துறையின் சுற்றறிக்கை எதிலும் இதற்கு விடை கிடையாது. திருக்குறளில் தேடலாம்.

வள்ளுவர் அறத்துப்பாலில் 22-ஆம் அதிகாரத்துக்கு ஒப்புரவறிதல் என்றும் 23-ஆம் அதிகாரத்துக்கு ஈகை என்றும் பெயர் வைத்தார். இரண்டும் கொடுப்பதைப் பற்றியவைதான். பிறகு எதற்கு இரண்டு? ஈகையில் இரண்டு முகங்கள் எதிரெதிரே நிற்கின்றன: இருப்பவன் முகம், இல்லாதவன் முகம். இல்லாதவன் கேட்டாக வேண்டும், குறைந்தபட்சம் தன் இல்லாமையைக் காட்டியாவது ஆக வேண்டும். அதனால்தான் ஈகையைப் புகழ்கிற அதே அதிகாரத்தில், வாங்குவது நல்வழி என்றே யாராவது சொன்னாலும் அது தீதுதான் என்று கறாராகச் சொல்லிவிடுகிறார். பொருட்பாலுக்குப் போனதும் இரவச்சம் என்று தனி அதிகாரமே பாடுகிறார். ஒப்புரவுக்கு அவர் காட்டும் உவமைகளோ வேறு மாதிரி. பெய்கிற மழை, நீர் நிறைந்த ஊருணி, ஊர் நடுவே பழுத்த மரம். குடத்தோடு ஊருணிக்குப் போகிற பெண்ணிடம் யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. அவள் வாங்கவில்லை, மொண்டுகொள்கிறாள்.

ஊருணியிலும் சாதி பார்த்த ஊர்கள் உண்டு. அந்தக் கதை பின்னால் வரும்.

பள்ளியில் சோறு போடுவது தமிழ்நாட்டில் ஈகையாகத் தொடங்கி ஒப்புரவை நோக்கி மெல்ல நடந்த கதை. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது நிபந்தனை. 1950-களில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைக்கத் தேர்ந்தெடுத்த ஊர், பாரதி பிறந்த எட்டயபுரம். அந்தத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கானது. ஒரு சாப்பாட்டுச் செலவில் பத்துக்கு ஆறு பங்கு அரசுடையது, நான்கு பங்கு ஊராருடையது. கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1958-ல் கடம்பத்தூரிலிருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். பெஞ்சு, கடிகாரம், தேசப்படம், நிலம் என்று ஊர் ஊராக மக்கள் கொண்டுவந்து கொட்டினார்கள். டியூப் லைட் எழுத்துக்குப் பாட்டன் அந்த மாநாட்டுப் பந்தலில் பிறந்திருக்கக்கூடும். ஆனால் அந்தப் பந்தலில் வேறொன்றும் நடந்தது. கொடுத்தவரும் சாப்பிட்டவரும் ஒரே ஊர்க்காரர்கள். வீட்டு அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்த தாயின் பிள்ளையே மதியம் அந்த வரிசையில் உட்கார்ந்தது. யார் யாருக்குத் தானம் செய்தார்கள் என்று அங்கே பிரித்துச் சொல்வது கடினம்.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, 1984-ல் பதினைந்து வயதுவரை நீட்டிக்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளிக்குள் சோற்றுப் பானை நுழைந்தது அப்போதுதான். அதன்பின் முட்டை வந்தது, கலவை சாதம் வந்தது. 2011-க்குப் பிறகு அரசு ஆணைகளில் ஒரு சொல் மாறியது: 'இலவச' மடிக்கணினி 'விலையில்லா' மடிக்கணினி ஆயிற்று. பலர் சிரித்தார்கள். சொல்லை மாற்றினால் பொருள் மாறுமா என்றார்கள். இலவசம் என்ற சொல்லில் வாங்கும் கை கொஞ்சம் தாழ்ந்திருப்பதை யாரோ ஓர் அதிகாரி உணர்ந்திருக்க வேண்டும். விலையில்லாதது என்றால் விலை மதிக்க முடியாதது என்றும் பொருள் கொள்ளலாம் என்பது தமிழ் தந்த கூடுதல் வசதி.

சட்டமும் இதே திசையில் நடந்தது, ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. 2001 நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றம், அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தந்தே ஆக வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. 2002-ல் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வி அடிப்படை உரிமையானது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்புவரை மதிய உணவை உரிமையாக்கியது. அதற்கு மேல்? ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குச் சட்டத்தில் சோறு இல்லை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புவரை சத்துணவு இருக்கிறது என்றால் அது மாநில அரசின் கொள்கை முடிவு. அதே தட்டு, அதே சாம்பார் சாதம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை சாப்பிடுவது உரிமை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை சாப்பிடுவது கருணை. ஒப்புரவுக்கும் ஈகைக்கும் நடுவே வள்ளுவர் போட்ட கோடு, உயர்நிலைப் பள்ளியின் சாப்பாட்டு வரிசைக்குக் குறுக்கே ஓடுகிறது.

பதினான்கு வயது என்பது வெட்கம் முளைக்கிற வயதும்கூட. மூன்றாம் வகுப்பில் தட்டைத் தாளம் போட்டுக்கொண்டு ஓடிய பையன், ஒன்பதாம் வகுப்பில் "பசிக்கல சார்" என்று மரத்தடியில் நின்றுகொள்வான். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இது பழகிய காட்சி. அவனுக்குப் பசிக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

சோறு கொடுப்பதைச் சமயங்கள் எப்போதும் போற்றியே வந்திருக்கின்றன. வடலூரில் வள்ளலார் 1867-ல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே வருகிறவரின் சாதியையோ சமயத்தையோ யாரும் விசாரிப்பதில்லை. ஆனாலும் சமய மரபில் அன்னதானம் பெரும்பாலும் கொடுப்பவரின் புண்ணியக் கணக்கில் எழுதப்படுகிறது. பசித்தவர் அந்தக் கணக்கு நிரம்ப ஒரு வாய்ப்பு. இந்தச் சிக்கலைத் தமிழில் முதலில் தொட்டுப் பார்த்தவர் சீத்தலைச் சாத்தனார் என்று சொல்லலாம்.

அவர் பாடிய மணிமேகலையில் வரும் ஆபுத்திரன், பிறப்பைக் காரணம் காட்டி ஊரால் துரத்தப்பட்டவன். பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டு விரட்டினார்கள். தென்மதுரைக்கு வந்து, வாங்கிய பிச்சையைக் கண் தெரியாதவர்க்கும் கால் முடியாதவர்க்கும் ஊட்டி, மிச்சத்தைத் தான் உண்டு, திருவோட்டையே தலைக்கு வைத்துத் தூங்கினான். ஒரு மழை இரவில் பசியோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தந்தவள் சிந்தாதேவி. அவள் கலைமகள். சோற்றுப் பாத்திரத்தைக் கொடுத்தது கல்வித் தெய்வம் என்பதைச் சத்துணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏன் எடுத்துக்காட்டுவதில்லை என்பது ஆச்சரியம்தான்.

கதை அங்கே முடியவில்லை. இந்திரன் பாண்டி நாட்டில் மழையைக் கொட்டச் செய்கிறான். நாடு செழிக்கிறது, பசித்தவரே இல்லை. நிரம்பிய பாத்திரத்தோடு ஆபுத்திரன் ஊர் ஊராகத் திரிகிறான், சாப்பிட ஆளில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறி, வழியில் மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அவ்வளவு நல்லவனுக்கும் ஏழையில்லாத ஊரில் வேலையில்லாமல் போய்விட்டது. ஈகையின் தலைவலி இதுதான்: அதற்கு எப்போதும் எதிரே ஒரு கை நீண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தின் நோக்கம் நேர் எதிரானது. தன்னிடம் வந்த கை நாளைக்கு எவரிடமும் நீளாமல் போக வேண்டும் என்றுதான் அது பாடம் நடத்துகிறது.

அப்படியானால் மாவட்டச் செய்திப் பக்கங்களில் அடிக்கடி வரும் 'நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழா'வை என்ன சொல்வது? மேடையில் பிரமுகர், கீழே வரிசையாக மாணவிகள், ஒரு கையில் மிதிவண்டியின் கைப்பிடி, முகம் கேமராவுக்கு. மாணவி மிதிவண்டியைப் பார்ப்பதற்குள் படம் எடுத்து முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. எண்ணிப் பார்த்தால் அந்தக் காரியத்தில் வங்கி இயந்திரம் பிரமுகரைவிட நாகரிகமாக நடந்துகொள்கிறது.

நன்றி வேண்டாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செய்ந்நன்றி அறிதல் என்றும் வள்ளுவர் ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே. வேண்டும்தான். யாருக்கு என்பதே கேள்வி. கூலி வேலைக்குப் போகும் தாயும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிறாள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளைப் போன்ற பெற்றோர்தான் பெரும்பான்மை. கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்று அங்கே கேட்பது அவள் பிறரிடம் கேட்கும் உதவி அல்ல.

இனி அந்த ஊருணிக் கதை. 2023 செப்டம்பரில், எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியில், தொடக்கப் பள்ளியின் காலை உணவைச் சமைத்தவர் பட்டியலினப் பெண் என்பதால் சில வீடுகள் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. அமைச்சர் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். அதே மாதம் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றிலும் இதே புகார். அங்கே ஆட்சியர் போய்ச் சாப்பிட்டார். ஆபுத்திரன் ஓட்டில் கல் போட்டவர்களின் வம்சம் அற்றுப் போகவில்லை. ஈகையில் வாங்குபவர் தாழ்கிறார் என்பதுதான் பழைய கவலை. இங்கே கொடுப்பவரே தாழ்த்தப்படுகிறார். சட்டம் சோற்றை உரிமையாக்கலாம். கரண்டி பிடிக்கும் கைக்கு மரியாதை வாங்கித் தர அதற்கு அமைச்சரும் ஆட்சியரும் தரையில் உட்கார வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்து, 2024 ஜனவரியில், மதுரைப் பக்கம் கொடிக்குளத்திலிருந்து வேறொரு செய்தி. வங்கி ஊழியரான பூரணம் என்கிற ஆயி அம்மாள், சுமார் 7 கோடி ரூபாய் மதிப்புள்ள 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அங்கிருந்த நடுநிலைப் பள்ளிக்குக் கொடுத்தார். பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வேண்டும் என்பதே விருப்பம். இறந்துபோன மகளின் பெயரை அதற்கு வைக்கக் கேட்டார். பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். செய்தி வெளியே தெரிந்த பிறகு அந்தக் குடியரசு நாள் விழாவில் முதலமைச்சர் விருது கொடுத்தார். இங்கேயும் ஒரு பெயர் எழுதச் சொல்லித்தான் கேட்கப்படுகிறது. ஆனால் பழைய ஊருணிகளிலும் வெட்டியவர் பெயர் சொல்லும் கல் உண்டு. கல் கரையில் இருக்கும், தண்ணீரில் எழுத்து இராது. நாளைக்கு அந்த மனையில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஆயி அம்மாளின் முன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மணி அடித்தால் உள்ளே போனால் போதும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரை நெல்பேட்டையில் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை என்று எல்லை வகுத்தார்கள். பசிக்கு ஐந்தாம் வகுப்போடு தேர்ச்சி கொடுத்துவிட்டார்கள் போலும். தொடக்கப் பள்ளியும் உயர்நிலைப் பள்ளியும் அருகருகே இருக்கும் ஊர்களில் ஆறாம் வகுப்பு அக்கா மூன்றாம் வகுப்புத் தம்பியைக் கைபிடித்து அழைத்து வருகிறாள். உள்ளே பொங்கல் பரிமாறுகிறார்கள். அவனை வாசலில் விட்டுவிட்டு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அடுத்த கேட்டுக்கு நடக்கிறாள். அங்கே முதல் மணி அடிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மதியச் சோற்றுக்கு நாலு மணி நேரம்.