பிரசங்கஞ் செய்யும் ஆசிரியர்களுக்கு

சைவ ஆசிரியர்களே!

வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலும், நவராத்திரியிலும், நாயன்மார் குருபூசைத் தினங்களிலும் பிரசங்கஞ் செய்யும் பணி பெரும்பாலும் நம்மிடத்தே வந்து சேர்கின்றது. அதற்கு நாம் செய்யும் ஆயத்தம் யாது? வியாழன் இரவு ஒரு புத்தகத்தை எடுத்து நான்கு பாட்டுக்களை நெட்டுருப்பண்ணிக்கொண்டு, மறுநாட் காலையிலே தொண்டையைச் செருமி எழுந்து நிற்கின்றோம். கணக்குப் பாடத்துக்குக் குறிப்பெழுதும் நாம் கடவுளைப்பற்றிப் பேசுதற்குக் குறிப்பெழுதுவதில்லை. இஃது ஆராயற்பாலது.

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே புராணபடனம் தொன்றுதொட்டு நிகழ்வது. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பர். மற்றொருவர் பயன் சொல்லுவர். ஆண்டு ஒழுங்கைத் தருவது நூல். பயன் சொல்லுவோர் வழிவிலகினும் அடுத்த செய்யுள் அவரை இழுத்துவந்து நிறுத்திவிடும். பிரசங்கம் அத்தகையதன்று. எங்கே தொடங்குவது, எதனை விடுவது, எங்கே நிறுத்துவது என்பனவெல்லாம் பேசுவோன் பொறுப்பேயாம்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர்கள். 1847 ஆம் ஆண்டு டிசம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அவர்கள் பிரசங்கத்தைத் தொடங்கியபொழுது வயசு 25. பேர்சிவல் பாதிரியாரோடிருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்தவர்களாதலின், பாதிரிமார் பேசும் முறையை அணித்தே நின்று கண்டவர்கள். ஒரு வசனத்தை எடுத்துக் கூறுபடுத்தி, ஈற்றிலே கேட்போர் நடைக்குப் பொருத்திக் காட்டுதல் அப்பாதிரிமார் முறை. மிஷன் பாடசாலையிற் படித்த நாமும் காலைதோறும் அதனைக் கேட்டே வளர்ந்தோம். சிலவேளை அதனிடையே உறங்கியும் வளர்ந்தோம். நாவலரவர்கள் அம்முறையின் பயனை மாத்திரம் எடுத்துக்கொண்டார்கள். நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் உடன்நின்று பேச, வெள்ளிதோறும் நடந்த அப்பிரசங்கங்களின் பொருள்களை நோக்குக: கொல்லாமை, கள்ளுண்ணாமை, பிறர்மனை நயவாமை, தானம், பசுக்காத்தல், இலிங்க வழிபாடு. இவற்றுட் பல வீட்டிலும் வீதியிலும் நாடோறும் நிகழுங் காரியங்கள். 1849 இலே திருவாவடுதுறை ஆதீனத்திலே அறிஞர் நடுவிற் பேசி நாவலர் என்னும் பட்டம் பெற்றவர்கள், வண்ணார்பண்ணையிலே ஊரவர் முன் எடுத்த பொருள் இவையாம்.

கேட்போரை நோக்காது பேசுதலால் வருங் கேட்டை நாம் நமது பிழையினாற் கற்றோம். இளமையிலே ஒரு வெள்ளிக்கிழமை, நாம் கற்பித்த பாடசாலையிலே கள்ளுண்ணாமையைப்பற்றிப் பேசினோம். திருக்குறளில் அவ்வதிகாரம் முழுதும் மனப்பாடம். போதாதென்று, குடியன் தள்ளாடி நடப்பதை நடித்துங் காட்டினோம். மண்டபம் முழுதுஞ் சிரித்தது. நாமும் உள்ளூர மகிழ்ந்தோம். ஐந்தாம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் மாத்திரந் தலைகுனிந்திருந்தான். அவன் தந்தையார் குடிப்பவர். அதனை அவ்வகுப்புப் பிள்ளைகள் அறிவர், நாமும் அறிவோம், பேச எழுந்தபொழுது நினைத்திலோம். இடைவேளையிலே பிள்ளைகள் அவன் முன்னே நம்மைப்போலத் தள்ளாடி நடந்து காட்டினர் என்று பின்னர்க் கேள்வியுற்றோம். அடுத்த வெள்ளி அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. நாம் சொன்ன குறள் ஒவ்வொன்றும் மெய். ஆயினும் அப்பிள்ளைக்குப் பிரார்த்தனை மண்டபத்தை அடைத்துவிட்டோம்.

அன்றுதொட்டு, பொருளைத் தெரிந்துகொள்ளுமுன் இடாப்பைத் திறந்து பெயர்களை ஒருமுறை வாசிப்பது நம் வழக்கம். தாயை இழந்தவன் யார், பசியோடு வருபவன் யார், அண்மையில் அடிபட்டவன் யார் என்று எண்ணியபின்னரே புத்தகத்தை எடுப்போம். பிள்ளைகள் வீட்டிற்குக் கொண்டுபோக வேண்டியது இன்னதென்று ஒரு வாக்கியத்தில் எழுதுவோம். எழுத இயலாதாயின் நமக்கே பொருள் தெளியவில்லை என்க. அவ்வாக்கியத்துக்கு ஒரு கதையும் ஒரு பாட்டும் போதும். பாட்டைப் பாடுமுன் அதன் பொருளைச் சொல்லுக. பொருளறிந்த செவி பாட்டைத் தானே பற்றிக்கொள்ளும். எஞ்சிய மேற்கோள்களை விட்டுவிடுக. அவற்றை விடுதலே கடினம். நாம் இன்னும் முழுதும் பழகியபாடில்லை. சிறுவர்க்குப் பத்து நிமிஷம், வளர்ந்தோர்க்கு இருபது நிமிஷம் அமையும்.

நன்னூற் பொதுப்பாயிரத்திலே பாடஞ் சொல்லும் முறையை நாமெல்லாம் படித்துள்ளோம். காலமும் இடமும் நோக்குதல், பொருளை உள்ளத்தில் அமைத்தல், விரையாமை, வெகுளாமை, முகமலர்ச்சி, கேட்போன் கொள்ளுந் திறம் அறிதல் ஆகிய இவை வகுப்பறைக்கு மாத்திரம் உரியனவா? திருவள்ளுவரும் அவையறிதலை 72 ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73 ஆம் அதிகாரமாகவும் வைத்தார். அம்முறைவைப்பை நோக்குக. முன்னிருப்போர் இன்னாரென்று அறிந்தவனுக்கு நடுக்கம் பெரும்பாலும் நீங்கிவிடும். எஞ்சிய நடுக்கத்துக்கு, முதலிரண்டு வாக்கியங்களைப் பிழையின்றிச் சொல்லப் பழகுதலே மருந்து. முதனாள் மாலை வெறு மண்டபத்திலே உரத்துச் சொல்லிப் பார்க்குக. கடைசி வாங்கிலே ஒருவரை இருத்திக் கேட்கச் செய்தல் நன்று. கடதாசியைப் பார்த்து வாசித்தல் கூடாது. குறிப்பு ஒன்று கையிலிருத்தல் குற்றமன்று.

அம்மாணாக்கன் செய்தியை இடையில் விட்டோம். மூன்றாம் வாரம் ஒரு மாலைப்பொழுதிலே அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தையார் வாயிலிலேயே நம்மைக் கண்டு, பாய் விரித்து இருக்கச் சொன்னார். மகன் வீட்டில் ஒன்றுஞ் சொல்லவில்லை என்பது அவர் முகத்திலே தெரிந்தது. நாம் பிரசங்கம் ஒன்றுஞ் செய்யவில்லை. பையன் பின்னக்கணக்கிலே கெட்டிக்காரன் என்று சொன்னோம், அது மெய். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்து கடைசி வாங்கில் இருந்தான்.