கிளிப்புக்கும் ஈறுக்கும் நடுவே

பல்லில் கிளிப் போட்டிருக்கும் பிள்ளை சரியாகப் பல் தேய்ப்பதில்லை என்று வீட்டில் குறைபட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் பிள்ளை தேய்க்கத்தான் செய்கிறது. பிரஷ்தான் படவேண்டிய இடத்தில் படுவதில்லை.

பல்லில் படிவது வெறும் சாப்பாட்டுத் துணுக்கு அல்ல. துணுக்கு, கொப்பளித்தால் போய்விடும். போகாமல் ஒட்டிக்கொள்வது கிருமிகள் கூடிக் கட்டும் பிசுபிசுப்பான படலம். நாம் தின்னும் சர்க்கரையை அந்தக் கிருமிகள் அமிலமாக்கும். படலத்தின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரையத் தொடங்கும். எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, இழந்த தாதுவில் கொஞ்சத்தைத் திருப்பியும் கொடுக்கும். இடையிடையே எதையாவது கொறித்துக்கொண்டே இருந்தால் அதற்கு ஏது நேரம்?

கிளிப் போடாத பல்லை உதடும் நாக்கும் எச்சிலும் ஓரளவு துடைத்துக்கொண்டே இருக்கின்றன. கிளிப்பின் கம்பியைத் தாங்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டும் சிறு துண்டுதான் பிராக்கெட். அதை ஒட்டியதும் அதன் விளிம்பிலும் கம்பிக்கு அடியிலும் அவை எட்டாத மூலைகள் உண்டாகிவிடும். அதிலும் மோசமான இடம், பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய பட்டை. அங்கே படலம் தங்கினால் ஒரே மாதத்தில்கூட எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கலாம். கிளிப்பைக் கழற்றும் நாளில், பல் வரிசையாக நிற்கும். பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் தழும்பும் நிற்கும்.

ஆகவே, பிரஷ்ஷை முதலில் ஈறோரம் 45 பாகைச் சாய்வில் வைத்து, அந்தப் பட்டையில் சின்னச் சின்னதாக அசைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு பிராக்கெட்டின் மறுபுறம் சாய்த்து, பல்லின் கடிக்கும் முனைப் பக்கம். பிராக்கெட்டின் முகத்தைக் கடைசியாகத் தேய்த்தால் போதும்; பலரும் அதை மட்டும்தான் தேய்க்கிறார்கள். அப்புறம் பல்லிடுக்குப் பிரஷ். அதைக் கம்பிக்கு அடியில் மேலிருந்து ஒருமுறை, கீழிருந்து ஒருமுறை நுழைத்து, பிராக்கெட்டின் இரு பக்கத்தையும் உரச வேண்டும். பற்கள் நெருங்கித் தொடும் இடத்துக்கு நூல்தான். முனை விறைப்பான நூலாக இருந்தால் கம்பிக்குள் நுழைப்பது சுலபம். கடைவாய்ப் பல்லின் கன்னப்பக்கத்தை மறந்துவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் குறைவாக ஊறும் என்பதால், நேரமே இல்லாத நாளிலும் இரவில் மட்டும் இதை முழுதாகச் செய்துவிட வேண்டும்.

பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள். தேய்த்தபின் துப்பினால் போதும். தண்ணீரில் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். மவுத்வாஷ் பிரஷ்ஷுக்கு மாற்று அல்ல. குளோர்ஹெக்ஸிடின் கலந்ததை நாள்கணக்கில் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

தேய்த்தது போதுமா என்று சந்தேகமாக இருந்தால், மருந்துக் கடையில் படலத்தைக் காட்டும் சாய மாத்திரை கேட்டுப் பாருங்கள். மென்று துப்பியதும், விட்டுப்போன இடம் நிறமாகத் தெரியும். ஈறில் ரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். படலம் தங்கி ஈறு வீங்கியதால்தான் பெரும்பாலும் ரத்தம் வருகிறது; மென்மையாகத் தொடர்ந்து தேய்த்தால் சில நாளில் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். காறையாக இறுகிவிட்டதை வீட்டில் சுரண்டாதீர்கள். மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஈறு மிகவும் மோசமானால், பல் நேராகும் முன்பே கிளிப்பைக் கழற்றிவிட மருத்துவர் முடிவு செய்வதும் உண்டு.